ஆமையும் யானையும்: உடல் பெற்ற இயந்திரங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

அறிவு எங்கே உறைகின்றது என்னும் வினா மிகப் பழமையானது. மூளையில் உறைகின்றது என்பார் சிலர். உடல் முழுவதிலும் பரந்து நிற்கின்றது என்பார் வேறு சிலர். நெடுங்காலம் தத்துவ நூல்களில் மட்டும் வழங்கிவந்த இவ்வினா, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஞ்ஞானிகளின் பட்டறைக்குள் புகுந்தது. பிராணிகளைப்போல் நடக்கவும், தடவவும், தேடவும் வல்ல இயந்திரங்களைச் செய்து, அவற்றின்வழி அறிவின் இயல்பை ஆராய்வோம் என்று சிலர் முன்வந்தனர். அவர்கள் செய்தது யாது, செய்ததாகச் சொன்னது யாது, இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு யாது என்பதை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

கையில்லாத வெற்றி

1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ என்னும் கணினி, உலகச் சதுரங்க வீரர் கேரி காஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் வென்றது. உலகம் வியந்தது. ஆனால், அவ்வியப்பில் பலரும் கருதாது விட்ட செய்தி ஒன்றுண்டு. காஸ்பரோவின் எதிரே அமர்ந்து காய்களை நகர்த்தியவர் ஒரு மனிதர். கணினியின் முடிவைத் திரையில் கண்டு, தம் கையால் காயை எடுத்து வைத்தார் அவர். 2016-ஆம் ஆண்டில் சியோல் நகரில் ‘ஆல்ஃபாகோ’ என்னும் கணினி நிரல், ‘கோ’ ஆட்டத்தின் மாவீரர்களுள் ஒருவரான லீ செடோலை வென்றபோதும் பலகையில் காய் வைத்தது ஒரு மனிதரின் கையே.

காய் நகர்த்தும் இயந்திரக் கையைச் செய்ய இயலாது என்பதன்று இதன் பொருள். காயை எடுத்து வைப்பது அறிவின் பகுதியே அன்று என்று எல்லாரும் கொண்டனர் என்பதே கருதத்தக்கது. எண்ணுவது அறிவு, எடுப்பது வெறும் வேலை. இக்கொள்கையே கணினி அறிவியலின் முதல் தலைமுறையை ஆண்டது.

அக்கொள்கையின் வழியில் எழுந்த ரோபோக்களுள் பெயர் பெற்றது ‘ஷேக்கி’. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் 1966 முதல் 1972 வரை அது உருவாக்கப்பட்டது. அறையைக் கண்ணால் நோக்கி, அறையின் படத்தைத் தன்னுள் வரைந்து, அப்படத்தைக்கொண்டு திட்டம் தீட்டி, அதன் பின்னரே அது அசையும். அதற்கெனத் துப்புரவாக அமைத்த அறைகளில், தெளிவான விளிம்புகளையுடைய கட்டைகளுக்கிடையே, மிகமிக மெல்ல அது நகர்ந்தது. வீதியிலோ வயலிலோ விட்டால் திகைத்து நின்றிருக்கும்.

ஹான்ஸ் மொராவெக் என்னும் ரோபோ ஆராய்ச்சியாளர் 1988-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையின் முரண்பாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தார். பெரியவர்கள் மூளையைக் கசக்கிச் செய்யும் கணக்கையும் ஆட்டத்தையும் கணினிக்குக் கற்பித்தல் எளிது. ஒரு வயதுக் குழந்தை எண்ணாமலே செய்யும் பார்த்தலையும் பற்றுதலையும் நடத்தலையும் கற்பித்தல் மிக அரிது என்றார் அவர். அரியது என்று மதித்தது எளிதாயிற்று. எளிது என்று இகழ்ந்தது அரிதாயிற்று.

பிரிஸ்டல் நகரத்து ஆமைகள்

இம்முரண்பாட்டை உலகம் உணர்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு வழியில் நடந்தவர் ஒருவர் இருந்தார். அவர் கிரே வால்டர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பர்டன் நரம்பியல் நிலையத்தில் மூளையின் மின்னலைகளை ஆராய்ந்த அறிஞர். 1948, 1949-ஆம் ஆண்டுகளில் அவர் இரண்டு சிறு இயந்திரங்களைச் செய்தார். மூன்று சக்கரங்களின்மேல் ஓடு கவிழ்த்த வடிவில் இருந்தமையால் அவை ஆமைகள் எனப்பட்டன. எல்மர், எல்சி என்பன அவற்றின் பெயர்கள்.

ஆமையின் உள்ளமைப்பு வியக்கத்தக்க அளவு எளியது. வானொலிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற வால்வுகள் இரண்டு. ஓடவும் திரும்பவும் மோட்டார்கள் இரண்டு. ஒளியை உணரும் கண் ஒன்று. ஓடு எதிலேனும் இடித்தால் உணரும் தொடுகருவி ஒன்று. இரண்டே நரம்பணுக்களைக் கொண்ட ஒரு பிராணிக்கு இணையாக அவர் இதனைக் கருதினார். உறுப்புகள் சிலவேயாயினும் அவற்றின் இணைப்பு செழுமையாயிருப்பின், நடத்தையும் செழுமையாகும் என்பதே அவர் மெய்ப்பிக்க விரும்பியது.

அதனை அவர் மெய்ப்பித்தார் என்றே கூறவேண்டும். இருளில் ஆமை சுற்றிச் சுற்றித் தேடியது. மிதமான ஒளியைக் கண்டால் அதனை நோக்கிச் சென்றது. ஒளி மிகுந்தால் விலகியது. தடை வந்தால் முட்டியும் திரும்பியும் வழி கண்டது. மின்கலம் தளர்ந்தபோது, முன்னர் விலக்கிய பேரொளியை அது விலக்கவில்லை. விளக்கெரியும் தன் கூட்டினுள் நுழைந்து மின்னேற்றிக்கொண்டது. ‘பசி’ வந்தபோது அதன் விருப்பு வெறுப்பே மாறியது. இவற்றுள் எதற்கும் அதனிடம் உலகத்தின் படம் இல்லை, திட்டம் இல்லை. அறையே அதற்குப் படம். ஒளியே அதற்கு வழிகாட்டி. 1951-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவில் இவ்வினத்து ஆமைகள் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இதுவரை குறை காண இடமில்லை. குறை தொடங்குமிடம் கண்ணாடி. ஆமையின் திருப்பு மோட்டார் இயங்குவதைக் காட்ட முகப்பில் ஒரு சிறு விளக்கு வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியின்முன் வந்த ஆமை, அதில் தோன்றிய தன் விளக்கொளியைக் கண்டது, கண்டதும் திருப்பு மோட்டார் நின்றது, அது நிற்கவே விளக்கு அணைந்தது, ஒளி மறையவே மோட்டார் மீண்டும் இயங்கியது, விளக்கும் எரிந்தது. இவ்வாறு மின்னியும் அணைந்தும் துள்ளியும் கண்ணாடிமுன் ஆமை ஆடியது. இத்தகைய நடத்தையை ஒரு பிராணியிடம் கண்டிருந்தால், ஓரளவு தன்னுணர்வுக்குச் சான்று என்று கொண்டிருப்பார்கள் என எழுதினார் கிரே வால்டர்.

‘கொண்டிருப்பார்கள்’ என்னும் சொல்லில் அவருடைய எச்சரிக்கை அடங்கியிருக்கின்றது. ஆயினும், அந்த எச்சரிக்கை இருபுறமும் வெட்டும் வாள். ஆமைக்குத் தன்னுணர்வு உண்டு என்று அது சொல்லவில்லை. பிராணிகளுக்குத் தன்னுணர்வு உண்டு எனக் கூறுவோரின் சான்று எவ்வளவு மெலிந்தது என்பதையும் அது காட்டிவிடுகின்றது. இந்த இரண்டாம் பொருளை அவர் விரித்துரைத்திருப்பின், அது பெரும் பணியாயிருந்திருக்கும். முதற்பொருளின் கவர்ச்சியே படிப்போர் மனத்தில் நின்றது.

அச்சமும் வெகுளியும்

கிரே வால்டர் குறிப்பாற் சொன்னதை நூலாகவே விரித்தவர் வாலன்டினோ பிரைட்டன்பெர்க். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மூளையியல் ஆராய்ந்தவர். ‘வண்டிகள்’ என்று பொருள்படும் தலைப்புடன் 1984-இல் வெளிவந்த அவருடைய சிறு நூல், இத்துறையில் இன்றளவும் விரும்பிப் படிக்கப்படுவது. பதினான்கு வகை வண்டிகளை அதில் அவர் கற்பனையாகப் படைத்துக் காட்டுகின்றார்.

இரண்டாம் வண்டி ஒன்றே அவருடைய முறையை விளக்கப் போதுமானது. வண்டிக்கு முன்புறம் ஒளியுணரும் கண்கள் இரண்டு. பின்புறம் சக்கரங்கள் இரண்டு. வலக்கண்ணை வலச் சக்கரத்தோடும் இடக்கண்ணை இடச் சக்கரத்தோடும் இணைத்தால், விளக்கு வலப்புறம் இருக்கையில் வலச் சக்கரம் விரைந்து சுழலும். வண்டி இடப்புறம் திரும்பி விளக்கைவிட்டு ஓடும். இதனை ‘அச்சம்’ என்கிறார் ஆசிரியர். இணைப்பைக் குறுக்காக மாற்றினால், வண்டி விளக்கை நோக்கித் திரும்பி, நெருங்க நெருங்க விரைவு கூடி, அதன்மேல் பாயும். இது ‘வெகுளி’. ஒளி மிகுந்தால் சக்கரம் தளரும்படி அமைத்து நேரிணைப்புக் கொடுத்தால், வண்டி விளக்கை அணுகி, மெல்ல நின்று, அதனையே நோக்கியிருக்கும். அதற்கு ‘அன்பு’ என்று பெயர்.

அமைப்பை அறிந்தவனுக்கு இது கம்பி மாற்றும் வேலை. அறியாது புறத்தே நின்று காண்பவனுக்கோ உள்ளம் படைத்த உயிர். படைப்பது இறக்கம், ஆராய்ந்து காண்பது ஏற்றம் என்று நூலாசிரியரே ஒரு விதியாக வகுத்துரைக்கின்றார். நடத்தையைக் கண்டு உள்ளமைப்பை ஊகிக்கும்போது, இல்லாத சிக்கலை எல்லாம் ஏற்றிக் கூறுவது மனித இயல்பு என்பது அவ்விதியின் பயன். இது மிகச் சிறந்த பாடம்.

தமிழ் இலக்கணத்தில் பயிற்சி உடையார்க்கு இவ்விடத்தில் ஒரு கருத்துத் தோன்றாதிராது. அச்சமும் வெகுளியும் தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அடங்குவன. உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. மேடையில் புலியைக் கண்டு நடுங்கும் கூத்தனிடம் அச்சத்தின் மெய்ப்பாடு உண்டு, அச்சம் இல்லை. காண்போருக்கு அச்சம் புலப்படுவதே கூத்தனின் வெற்றி. பிரைட்டன்பெர்க்கின் வண்டியும் ஒரு நல்ல கூத்தன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தன் ஆடி முடித்து வீடு திரும்பும்போது, வழியில் நாகம் குறுக்கிட்டால் மெய்யாகவே அஞ்சுவான். வண்டிக்கு அஞ்சுவதற்கு எதுவுமில்லை. அதற்கு இழப்பதற்கு எதுவுமில்லை என்பதே காரணம். நூல் முழுவதிலும் இவ்வேறுபாடு போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை என்பதே அதன் குறை.

யானை சதுரங்கம் ஆடுவதில்லை

இயந்திரப் பிராணிகளை ஓர் இயக்கமாகவே வளர்த்தவர் ராட்னி புரூக்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பணியாற்றியவர். ‘யானைகள் சதுரங்கம் ஆடுவதில்லை’ என்னும் பொருளுடைய தலைப்பில் 1990-இல் அவர் எழுதிய கட்டுரை, பழைய கொள்கையின்மேல் தொடுத்த போர் முழக்கம். சதுரங்கம் ஆடாமையால் யானைக்கு அறிவில்லை என்று எவரேனும் சொல்வாரா என்பது தலைப்பின் உட்பொருள். உலகத்தின் படத்தைத் தலைக்குள் வரைந்துகொண்டிருப்பானேன்? உலகமே எதிரில் இருக்கின்றதே. வேண்டும்போது அதனையே பார்த்துக்கொள்ளலாமே என்றார் அவர்.

காலக் கணக்கையும் அவர் துணைக்கழைத்தார். உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகள் ஆயின. அதன் மிகப் பெரும் பகுதி, நகரவும் உணரவும் பிழைக்கவும் கற்பதிலேயே சென்றது. எழுத்துக் கலைக்கோ ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே வயது. இயற்கைக்கு நெடுங்காலம் பிடித்ததுதான் கடினமான பகுதி. அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம்.

வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1989-இல் அவருடைய குழுவினர் செய்த ‘ஜெங்கிஸ்’ என்னும் ஆறுகால் ரோபோ, நடையைப் பற்றிய திட்டம் எதுவும் தலைமையிடத்தில் இல்லாமலே கரடுமுரடான தரையில் பூச்சியைப்போல் நடந்தது. ஒவ்வொரு காலும் தன் கடமையைத் தான் செய்தது. கால்களின் கூட்டே நடையாயிற்று. புரூக்ஸும் வேறிருவரும் தொடங்கிய நிறுவனம் 2002-இல் ‘ரூம்பா’ என்னும் தரைதுடைக்கும் இயந்திரத்தை வெளியிட்டது. பின்வந்த ரூம்பாக்கள் மின்கலம் தளர்ந்ததும் தாமே மின்னேற்றும் இடம் தேடித் திரும்பின. பிரிஸ்டல் ஆமையின் பேரப்பிள்ளைகள் என்று அவற்றைக் கூறலாம்.

ஆயினும், பூச்சியிலிருந்து மனிதனுக்கு ஏறலாம் என்னும் நம்பிக்கை நிறைவேறவில்லை. 1993-இல் தொடங்கிய ‘காக்’ என்னும் மனித வடிவ ரோபோ, கண் சுழற்றவும் கை நீட்டவும் கற்றது. குழந்தையைப்போல் வளர்ந்து அறிவு பெறும் என்னும் எதிர்பார்ப்பு எட்டாமலே நின்றது. பூச்சியின் நடையை அடுக்கடுக்காகக் கூட்டினால் மனிதனின் சிந்தனை வந்துவிடும் என்பது, செங்கல்லை அடுக்கிக்கொண்டே போனால் ஒருநாள் மரம் முளைக்கும் என்பது போன்றதே. இருப்பினும், அத்தோல்வி முதற்படியின் உண்மையைப் பொய்யாக்கிவிடாது.

உடம்பே கணக்கிடும் கணக்கு

அந்த முதற்படியின் உண்மை யாதெனின், அறிவின் சுமையில் ஒரு பகுதியை உடம்பே தாங்குகின்றது என்பதாம். அதற்கு மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது, நடை. கனடாவில் டாட் மெக்கீர் என்னும் பொறியியலாளர் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மோட்டாரும் இல்லை, கணினியும் இல்லை. கால்கள் மட்டும் உண்டு. மெல்லிய சரிவில் விட்டால், ஊசற்குண்டு ஆடுவதுபோல் கால்கள் மாறி மாறி வீசி அவ்வுரு நடந்து இறங்கியது. கால்களின் நீளமும் எடையும் பாதத்தின் வளைவுமே அதன் ‘அறிவு’. இவ்வழியில் செய்யப்பட்டுச் சமதரையிலும் நடந்த ரோபோக்களைப் பற்றி 2005-இல் ஆராய்ச்சியாளர் சிலர் எழுதியபோது, நடைக்கு அவற்றுள் ஒன்று செலவிட்ட ஆற்றல், எடைக்கு எடை, மனிதன் செலவிடுவதற்கு ஒத்திருந்தது என்று காட்டினர். ஒவ்வொரு மூட்டையும் மோட்டாரால் கட்டியாண்ட ஹோண்டாவின் ‘அசிமோ’வுக்கோ மனிதனைப்போல் பத்து மடங்கேனும் ஆற்றல் வேண்டியிருந்தது என மதிப்பிட்டனர்.

இரண்டாவது, மீன். செத்த மீன் வெள்ளத்தோடு போகும்; உயிருள்ள மீனே எதிர்நீச்சல் போடும் என்று மேடைகளில் முழங்குவது வழக்கம். 2006-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வுவமையைக் கவிழ்த்துவிட்டது. ஓடும் நீரில் ஒரு தடையை நிறுத்தி, அதன்பின் எழும் சுழல்களுக்கிடையே செத்த டிரவுட் மீனை விட்டனர். சுழல்கள் தள்ளத் தள்ள மீனின் உடம்பு நெளிந்தது. நெளிந்த உடம்பு நீரை எதிர்த்து முன்னேறியது. உயிரும் இல்லை, மூளையின் கட்டளையும் இல்லை. உடம்பின் நெகிழ்ச்சியும் நீரின் சுழற்சியும் சேர்ந்து நீந்தின.

மூன்றாவது, சுவர்க்கோழி. ஆண் சுவர்க்கோழி சிறகை உரசிப் பாடும். பெண் அப்பாட்டைக் கேட்டுத் தேடி வரும். பெண்ணின் செவிகள் அதன் முன்னங்கால்களில் உள்ளன. இரு செவிகளையும் உடம்பினுள் ஒரு காற்றுக் குழல் இணைக்கின்றது. ஒலி செவிப்பறையை வெளியிலிருந்தும் தாக்கும். குழலின் வழியாக உள்ளிருந்தும் தாக்கும். ஒலி வரும் திசைக்கேற்ப இவ்விரு அலைகளும் ஒன்றையொன்று கூட்டியோ குறைத்தோ விடும். தன் இனத்துப் பாட்டின் சுருதிக்கே இவ்வமைப்பு நன்கு பொருந்தும். ஆகவே, ‘இது என் இனத்தின் பாட்டா?’ என்பதும் ‘எத்திசையிலிருந்து வருகின்றது?’ என்பதும் சிறு மூளைக்கு வருமுன்னரே உடம்பால் பெரும்பாலும் விடுவிக்கப்பட்டுவிடுகின்றன.

இதனை ஆராய்ந்தவர் பார்பரா வெப் என்னும் பெண் விஞ்ஞானி. 1990-களில் இவ்வமைப்பைப் பின்பற்றி ஒரு ரோபோவைச் செய்து, பாட்டை நோக்கி அது செல்வதைக் காட்டினார். இவரிடம் போற்றத்தக்கது, சொல்லில் இவர் காட்டிய அடக்கம். தம் ரோபோவை அவர் உயிர் என்று சொல்லவில்லை. அதற்கு ஆசை உண்டு என்று சொல்லவில்லை. சுவர்க்கோழி இவ்வாறுதான் பாட்டைக் கண்டுபிடிக்கின்றது என்னும் ஊகம் சரியானால், இவ்வாறு அமைத்த இயந்திரமும் கண்டுபிடிக்கவேண்டும். அதனைச் சோதிப்போம் என்றார். உயிரினைப் போலச் செய்தலின் பயன், உயிரினைப் பற்றி அறிதலே என்பது அவர் நெறி. இத்துறையில் எழுதுவோர் எல்லாரும் பின்பற்றத்தக்க நெறி இது.

விடுபட்ட அறிவுகள்

இனி, இத்துறை முழுமைக்கும் பொதுவான குறைக்கு வருதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கின்றது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை முதலியன ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்கு ஐந்தறிவு, மக்கள் ஆறறிவு. தீண்டல், சுவை, நாற்றம், பார்வை, கேள்வி, மனம் என்பது அவ்வறிவுகளின் வரிசை. விலங்கியல் நூலாக இதனைக் கொள்வது பொருந்தாது. எறும்புக்குக் கண்ணுண்டு என்பதை எவரும் அறிவர். ரோபோவை அன்றே கண்டுகொண்டார் என்று தொல்காப்பியரைப் புகழ்வது அதனினும் பொருந்தாது. ஆனால், இரு செய்திகள் அதில் கருதத்தக்கன. ஒன்று, உடம்பின் உணர்வையும் மனத்தின் சிந்தனையையும் தமிழ் ‘அறிவு’ என்னும் ஒரே சொல்லால் வழங்கியது. மற்றொன்று, பார்வைக்கும் கேள்விக்கும் முன்னே சுவையையும் நாற்றத்தையும் வைத்தது.

இவ்வரிசையை ரோபோக்களின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுக்குத் தீண்டல் உண்டு. பார்வையும் கேள்வியும் மிகுதியாக உண்டு. இடையிலுள்ள சுவையும் நாற்றமும் அரிதாகவே உண்டு. ஏன்? சுவையும் நாற்றமும் உணவுக்குரிய அறிவுகள். உண்ணவேண்டிய உயிருக்கே அவை இன்றியமையாதன. பிராணியைப் பார்த்துச் செய்த இயந்திரம், பிராணியின் காலை எடுத்துக்கொண்டது, கண்ணை எடுத்துக்கொண்டது, வயிற்றை விட்டுவிட்டது.

புரூக்ஸ் எடுத்துக்காட்டிய யானையையே நோக்குக. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட தழையும் புல்லும் வேண்டும். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை அது உண்பதிலும் உணவு தேடுவதிலுமே கழிக்கின்றது. யானை சதுரங்கம் ஆடாமைக்கு இதுவும் ஒரு காரணம். எந்த மரத்தில் எப்பருவத்தில் தழை உண்டு, எந்த வழியில் நீருண்டு என்னும் அதன் அறிவெல்லாம் பசியை மையமாகக்கொண்டு எழுந்தது. ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் 2010-இல் துதிக்கையைப் பார்த்து, காற்றால் இயங்கும் மென்மையான இயந்திரக் கை ஒன்றைச் செய்தது. அழகிய கைவினைதான், ஆனால் துதிக்கையைத் துதிக்கையாக்கிய பசி அதில் இல்லை.

இக்குறையை உணர்ந்தோர் இல்லாமலில்லை. பிரிஸ்டல் நகரிலேயே, 2010-இல், ‘இகோபாட்’ என்னும் வரிசையில் மூன்றாவது ரோபோ செய்யப்பட்டது. நுண்ணுயிர்களின் துணைகொண்டு தான் உண்டதைச் செரித்து மின்சாரமாக்கி, கழிவை வெளியேற்றவும் அது வல்லதாயிருந்தது. அதன் அசைவு மிக மெதுவானது. ஆயினும் நோக்கம் சரியானது. 2019-இல் கிங்சன் மேன், அன்டோனியோ டமாசியோ என்னும் இருவர் எழுதிய கட்டுரையொன்று, எளிதில் ஊறுபடக்கூடிய மெல்லுடம்பும் அதனைக் காத்துக்கொள்ளவேண்டிய தேவையும் அமைந்தாலன்றி இயந்திரத்திற்கு உணர்ச்சி என்பது பொருளற்றது என வாதிட்டது. கிரே வால்டரின் ஆமையிடம் மிக உயர்ந்த பகுதி கண்ணாடிமுன் ஆடிய ஆட்டமன்று. மின்கலம் தளர்ந்தபோது கூடு திரும்பியதே என்பது இவற்றால் தெளிவாகும். அவ்விடத்தில்தான் அதற்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

சொல்லின் விலை

இயந்திரத்துக்கு எப்பெயர் வைத்தால் என்ன, பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்போர் உண்டு. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999-இல் ‘ஐபோ’ என்னும் இயந்திர நாயை விற்றது. 2006-இல் அதனைச் செய்வதை நிறுத்தியது. 2014-இல் பழுது பார்ப்பதையும் நிறுத்தியது. அதன் பின்னர், சீபா மாநிலத்துப் பௌத்த ஆலயம் ஒன்றில், இயங்காமற்போன ஐபோக்களுக்கு 2015 முதல் ஈமச் சடங்குகள் நடத்தப்பட்டன. அவற்றோடு வாழ்ந்த முதியோரின் துயரம் மெய்யானது. அதனை நகையாடுவது இரக்கமற்ற செயல். ஆனால், இழந்தவர் முதியவர். நாய் எதனையும் இழக்கவில்லை. இவ்வேறுபாட்டை மறைக்கும் சொற்கள், தனிமையில் வாடும் மக்களுக்கு மனிதத் துணைக்கு ஈடாக இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு அமைதியுறும் மனப்பான்மைக்கு வழி செய்துவிடும். ‘அன்பு’ என்னும் பெயரைக் கம்பி இணைப்புக்குச் சூட்டுவதில் உள்ள இடர் இதுவே.

இன்றைய போக்கையும் ஒரு சொல் கூறாது விடுதல் முறையன்று. 2023-இல் கூகுள் டீப்மைண்ட் நிறுவனம் ‘ஆர்டி-2’ என்னும் அமைப்பை வெளியிட்டது. இணையத்தில் குவிந்துள்ள சொற்களையும் படங்களையும் கற்ற பெருங்கணினி அமைப்பொன்று, இயந்திரக் கையை இயக்கக் கற்பிக்கப்பட்டது. முன்பு பழக்கப்படாத சில வேலைகளையும் அது செய்தது என்பது பாராட்டத்தக்கதே. ஆனால், தலையை முதலில் ஊட்டி வளர்த்து, உடம்பைப் பின்னர் ஒட்டும் முறை இது. இயற்கை சென்ற வழிக்கு இது நேர் எதிர். பழைய ஷேக்கியின் கொள்கை, பெரிய நூலகத்தைச் சுமந்துகொண்டு மீண்டும் வந்திருக்கின்றது என்று கருத இடமுண்டு.

இவையெல்லாம் மேல்நாட்டுப் பட்டறைகளின் செய்தி மட்டும் அல்ல. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவோரின் கத்தி, பட்டையின் பால் நிறைந்த உள்ளடுக்குவரை செல்லவேண்டும். அதற்கும் உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தீண்டலாகாது. இரண்டிற்கும் இடையே உள்ளது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. விடியுமுன் இருளில், மரத்துக்கு மரம் மாறும் பட்டையில், அந்த ஒரு மில்லிமீட்டரை மணிக்கட்டு அறிகின்றது. அதற்குக் ‘கைப்பழக்கம்’ என்று பெயரிட்டு, அறிவின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது உலக வழக்கு. தேர்வுத்தாளில் எழுதத் தெரிந்தது மட்டும் அறிவு என்று பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கற்பிப்பதும் அவ்வழக்கே. மணலில் விரலால் எழுத்தையும், கூழாங்கல்லால் எண்ணையும் கற்பித்த பழைய ஆசிரியர்கள், கையின்வழியாகவே கருத்துக்குச் செல்லவேண்டும் என்பதை உணர்ந்திருந்தனர்.

ஆகவே, இத்துறைக்கு வழங்கத்தக்க தீர்ப்பு இரு பகுதிகளை உடையது. அறிவுக்கு உடல் வேண்டும் என்று இவ்விஞ்ஞானிகள் சொன்னது உண்மை. அதனை நடக்கும் கால்களாலும் கேட்கும் செவிகளாலும் அவர்கள் நிலைநாட்டினர். உடல் இருந்தால் போதும் என்று சொல்லாமல் சொன்னது உண்மையன்று. உயிரின் உடம்பு பசிக்கும், புண்படும், ஒருநாள் அழியும். அதனைக் காப்பதற்காகவே அறிவு தோன்றியது. காக்கவேண்டியது ஒன்றுமில்லாத உடம்பில் எவ்வளவு திறமையை நிரப்பினாலும், அது நல்ல கூத்தாகுமேயன்றி வாழ்வாகாது. திறமையைத் திறமை என்றும், வாழ்வை வாழ்வு என்றும் பிரித்துச் சொல்லும் சொல்லடக்கமே இத்துறையில் எழுதுவோருக்கு இன்று வேண்டப்படுவது.